இரண்டாவது படி

திருவனந்தபுரத்திலிருந்து கொல்லம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் காரியவட்டம் என்றோர் இடம் உண்டு. கேரளப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையமும் சுவடி நூல்நிலையமும் அங்கேதான் இருக்கின்றன. 60,000க்கு மேற்பட்ட நூல்கள் அந்நிலையத்தில் சுவடிகளாக அடுக்கப்பட்டுள்ளன; அவற்றில் பெரும்பாலானவை பனையோலை. அதற்கு அயலிலேயே, 1990ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பெற்ற டெக்னோபார்க் என்னும் கணினித் தொழில் வளாகம் பரந்து கிடக்கிறது. ஒருபுறம் எழுத்தாணியின் கீறல். மறுபுறம் காந்தத் தட்டின் சுழற்சி. வழிப்போக்கர் ஒருவருக்கு இவை இரண்டு வேறு யுகங்களாகத் தோன்றும். ஆனால், இவ்விரு வீட்டாருக்கும் கவலை ஒன்றுதான். எழுத்து எதன்மேல் பொறிக்கப்பட்டதோ அப்பொருள் என்றேனும் ஒருநாள் அழியும். அழியுமுன் அதனை வேறொன்றின்மேல் ஏற்றியாகவேண்டும். அக்கவலையின் வரலாற்றைப் பற்றியே இன்று சில சொல்லக் கருதுகிறோம்.

நூலின் பிரதியைத் தமிழில் 'படி' என்று வழங்குகிறோம். மூலத்தைப் பார்த்துப் பெயர்த்து எழுதுவது 'படியெடுத்தல்'. கேரளத்தின் மழையும் புழுக்கமும் ஓலைக்குப் பெரும் பகை. ஈரம் ஒருபால் மக்கச் செய்யும். கறையான் ஒருபால் அரிக்கும். இராமபாணப் பூச்சி ஏட்டைத் தொளைத்துக்கொண்டு ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குச் செல்லும். புல்தைலம் தடவியும் புகையூட்டியும் ஏடுகளைப் பேணினார்கள். நன்கு பேணிய ஓலை சில நூற்றாண்டுகள் நிற்பதுண்டு. பேணாத ஓலை ஒரு தலைமுறைக்குள்ளேயே நொறுங்கிவிடும். ஆதலால், ஏடு பழுதாகத் தொடங்கியதும் புதிய ஓலையில் படியெடுத்து வைத்துக்கொள்வதும், அதன்பின் பழைய ஏட்டை ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விடுவதும் நம் நாட்டு வழக்கமாயின.

வழக்கத்தின் முதற்பாதி கடினமானது, பிற்பாதி எளியது. கடினமானதை மறந்து எளியதை மட்டும் விடாது பின்பற்றுவது மனித இயல்பு போலும். படியெடுக்காமலே ஆற்றில் விட்ட ஏடுகள் எத்தனை என்று யாரே அறிவார்? டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சென்றபோது, அங்கிருந்த பழைய சுவடிகள் சாத்திர விதி என்று சொல்லி நெய்யில் தோய்த்துத் தீயில் இடப்பட்டுவிட்ட செய்தியைக் கேட்டு மனம் வெதும்பினார். அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் படித்தவர்கள் அந்த இடத்தை எளிதில் மறக்கமாட்டார்கள்.

இனி, திருவனந்தபுரத்தின் புகழுக்குக் காரணமான ஒரு நிகழ்ச்சிக்கு வருவோம். திருநெல்வேலிச் சீமையிலுள்ள தருவை என்னும் ஊரில் 1860இல் பிறந்தவர் மகாமகோபாத்தியாய த. கணபதி சாஸ்திரியார். இளமையிலேயே திருவிதாங்கூருக்கு வந்து, கல்வியால் உயர்ந்து, சமஸ்தானத்தின் வடமொழிச் சுவடிப் பதிப்புத் துறைக்குத் தலைவரானார். அனந்தசயன கிரந்தாவளி என்னும் பெயரால் வரிசை வரிசையாக அவர் வெளியிட்ட நூல்கள் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் வரை சென்றன. ஏடு உள்ள இடம் என்று கேள்விப்பட்டால் மடமாயினும் மனையாயினும் ஆள் அனுப்புவார். அல்லது தாமே செல்வார்.

1909ஆம் ஆண்டில் பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்தில் அவருக்கு ஒரு சுவடி கிடைத்தது. மலையாள எழுத்தில் எழுதிய பனையோலைச் சுவடி, மொழி வடமொழி. அவிழ்த்துப் பார்த்தால் பத்து நாடகங்கள் முழுமையாகவும் பதினொன்றாவது ஒன்று குறையாகவும் இருந்தன. 'சொப்பன வாசவதத்தம்' அவற்றுள் ஒன்று. அந்நாடகத்தின் பெயரை அறிஞர் உலகம் பழைய அலங்கார நூல்களின் வாயிலாக அறிந்திருந்தது, நாடகத்தைக் கண்டாரில்லை. காளிதாசன் தன் 'மாளவிகாக்கினிமித்திர'த்தின் முன்னுரையிலேயே பாசன் என்னும் புலவனைப் புகழுக்குரிய முன்னோருள் ஒருவனாகக் குறிப்பிட்டிருக்கிறான். அப்பாசனுடைய நாடகங்களே இவை என்று சாஸ்திரியார் முடிவு கட்டினார். பின்னர்க் கேரளத்தில் பிறிதோரிடத்துக் கிடைத்த சுவடிகளால் 'அபிஷேக நாடக'மும் 'பிரதிமா நாடக'மும் சேர, மொத்தம் பதின்மூன்றாயின. 1912 முதல் ஒன்றன்பின் ஒன்றாக இந்நாடகங்கள் திருவனந்தபுரத்தில் அச்சேறின.

இவை உண்மையில் பாசன் இயற்றியவைதாமா என்ற வாதம் அன்று தொடங்கி இன்றும் ஓய்ந்தபாடில்லை. சுவடியில் ஆசிரியர் பெயர் இல்லாமையே அவ்வாதத்துக்கு இடம் கொடுத்தது. அதற்குள் நாம் புகவேண்டியதில்லை. நாம் எண்ணிப் பார்க்கவேண்டியது வேறு. உச்சயினியையும் வத்ச நாட்டையும் களமாகக் கொண்ட நாடகம், விந்தியத்துக்கு வடக்கே ஒரு சுவடியிலேனும் கண்ணிற்படாமல், தென்கோடியில் ஒரு மடத்துப் பரணில் தப்பிக் கிடந்தது எவ்வாறு? காரணம் தெளிவானது. கேரளத்தில் சாக்கியார்கள் கூடியாட்டம் என்னும் பழைய கூத்தில் இந்நாடகங்களின் அங்கங்களை ஆடிவந்தார்கள். ஆடுவோருக்கு ஏடு வேண்டியிருந்தது; வேண்டியிருந்ததனால் ஏடு நைந்தபோதெல்லாம் யாரோ ஒருவர் படியெடுத்தார். பயன்படும் நூலின் பழுது உடனே தெரியும். பயன்படாத நூல் நொறுங்கினால், நொறுங்கிய செய்தியே நூறாண்டுக்குப் பிறகுதான் தெரியவரும்.

மணலிக்கரை இன்று கன்னியாகுமரி மாவட்டத்தைச் சார்ந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று கல்குளம் முதலிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது அவ்வூரும் தமிழகத்தின் பகுதியாயிற்று. ஆகவே, மலையாள எழுத்தில் அமைந்த வடமொழிச் சுவடியை நெல்லைத் தமிழர் ஒருவர் கண்டெடுத்த இடம் இப்பொழுது தமிழ்நாட்டில் இருக்கிறது. அயல் மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இச்செய்தி சிறிது மகிழ்ச்சி தரும் என்று நினைக்கிறோம்.

அதே 1909இல் மைசூரில் வேறொரு பெருநூல் அச்சாயிற்று. கௌடில்யரின் அர்த்தசாத்திரம் என்று பெயரளவில் கேட்டிருந்த நூலின் ஓலைச்சுவடி ஒன்றைத் தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் அரசினர் கீழ்த்திசை நூல்நிலையத்துக்குக் கொடுத்துச் சென்றார். அது கிரந்த எழுத்துச் சுவடி. அந்நூல்நிலையத்து அறிஞர் ஆர். சாமசாஸ்திரியார் அதனை ஆராய்ந்து பதிப்பித்தார். ஆயினும் பல இடங்களில் பொருள் விளங்கவில்லை, சொற்கள் சிதைந்திருந்தன. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1924–25இல் கணபதி சாஸ்திரியார் திருவனந்தபுரத்திலிருந்து அதே நூலைத் தம் உரையோடு மூன்று பாகங்களாக வெளியிட்டார். கேரளத்தில் மலையாள எழுத்தில் இருந்த வேறு சுவடிகளும், பழைய மலையாள உரையொன்றும் அவருக்குத் துணை செய்தன. கிரந்தச் சுவடியில் பிழைபட்ட இடம் மலையாளச் சுவடியில் பிழைபடாதிருந்தது. இதில் விடுபட்டது அதில் இருந்தது. இரு சுவடிகளும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை அல்ல. வெவ்வேறு கைகள், வெவ்வேறு ஊர்கள், வெவ்வேறு எழுத்துகள். ஒன்றன் பிழையை மற்றொன்று காட்டிக்கொடுக்க முடிந்தது அதனாலேதான்.

இதற்கு மாறான நிலையைத் தமிழ் நூல்களில் காண்கிறோம். பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்கவில்லை என்பது யாவரும் அறிந்தது. சாமிநாதையர் 1904இல் அதனைப் பதிப்பித்தபோது ஒரு சுவடியை மட்டும் நம்பியிருக்கவில்லை. பல சுவடிகளை வைத்துக்கொண்டு ஒப்பிட்டார். எல்லாவற்றிலும் அவ்விரு பத்துகள் மட்டும் இல்லை. ஐங்குறுநூற்றில் 129, 130 என்னும் இரு பாட்டுகளும் அவ்வாறே எந்தச் சுவடியிலும் இல்லை. இதற்குக் காரணம் யாதாயிருக்கும்? சுவடிக் கட்டில் முதல் ஏடுகளும் கடைசி ஏடுகளுமே முதலில் தேய்ந்து உதிர்வன. முன்னும் பின்னும் உதிர்ந்துபோன ஒரு பதிற்றுப்பத்துச் சுவடியிலிருந்து பின்வந்த படிகள் எல்லாம் தோன்றியிருக்கவேண்டும் என்று எண்ண இடமுண்டு. மூலத்தில் இருந்த ஓட்டை படிதோறும் பிசகாமல் பெயர்த்தெழுதப்பட்டது. படிகள் பத்தானாலும் ஓட்டை ஒன்றே. எண்ணிக்கை மிகுந்தமையால் மட்டும் காப்பு மிகவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இந்த இடத்தில் ஓலையை விட்டுக் காந்தத் தட்டுக்கு வரலாம். ஐ.பி.எம். நிறுவனம் 1956இல், தட்டுகளைக் கொண்ட முதல் சேமிப்புக் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. 24 அங்குல விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் ஓர் அச்சில் சுழன்றன. அத்தனையிலுமாக 50 இலட்சம் எழுத்துகள் அடங்கின. இன்றைய 'ஹார்டு டிஸ்க்', அதாவது வன்தட்டு, அதன் வழித்தோன்றல். தட்டின்மேல் காந்தப் பூச்சு. அதற்கு மேலே, தொடாமலும் விலகாமலும், மெல்லிய காற்றடுக்கின்மீது மிதந்தபடி படிக்கும் முள். தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று வேகத்தில் ஓயாது சுழலும். சுழல்வதனால் தேய்வு; தேய்வதனால் முடிவு. ஓலை நூற்றாண்டுகள் நிற்க, இதற்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேல் உறுதி சொல்வாரில்லை.

ஆகையால், ஒரே செய்தியை ஒரே நேரத்தில் இரண்டு தட்டுகளில் எழுதிவைக்கும் முறை 1970களிலேயே பெரிய கணினிகளில் வழக்கத்துக்கு வந்தது. கண்ணாடியில் பிம்பம் போல ஒன்றை ஒன்று ஒத்திருப்பதால் 'மிர்ரர்' என்றார்கள். கலிபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் மூவர் 1988இல் எழுதிய ஒரு கட்டுரையில், விலைமலிந்த சிறு தட்டுகள் பலவற்றை இணைத்துப் பெருந்தட்டு ஒன்றன் வேலையை வாங்கலாம் என்று காட்டி, அதற்கு 'ரெய்டு' என்று பெயரிட்டார்கள். அவர்கள் வகுத்த நிலைகளுள் முதலாவது இக்கண்ணாடி முறையே. இரண்டில் ஒன்று நின்றுவிட்டால் மற்றொன்று வேலையை நடத்தும். உபயோகிப்பவர் எதையும் உணரமாட்டார்.

உணராமைதான் ஆபத்து. திருவனந்தபுரத்தில் நாம் நன்கறிந்த ஓர் அலுவலகத்தில் அண்மையில் நிகழ்ந்ததைச் சொல்கிறோம். பத்தாண்டுக்கு மேல் உழைத்த பழைய சர்வர் ஒன்று அங்கே பூட்டிய அறையில் ஓடிக்கொண்டிருந்தது. பல மொழிபெயர்ப்பாளர்கள் பல்லாண்டுகளாகத் தொகுத்த கலைச்சொற் பட்டியல்கள், சுற்றறிக்கைகளின் மொழிபெயர்ப்புகள் எல்லாம் அதனுள் இருந்தன. இரு தட்டுகளில் ஒன்று செயலற்று, அதன் விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளாக மாறியிருந்தது. எச்சரிக்கை ஒலி காதுக்குத் தொல்லை என்று எப்போதோ நிறுத்தப்பட்டிருந்தது. மஞ்சள் விளக்கு எத்தனை மாதங்கள் எரிந்தது என்று சொல்ல அங்கே ஒருவராலும் இயலவில்லை. கோப்புகள் வழக்கம்போல் திறந்தன, வழக்கம்போல் மூடின. படி ஒன்று இறந்துபோன செய்தியை, எஞ்சிய படி தன் ஒழுங்கான உழைப்பாலேயே மறைத்துவைத்திருந்தது.

பழுதுபார்க்க வந்த பொறியாளர் இளைஞர், ஆனால் பதற்றமில்லாதவர். வந்தவுடன் தட்டைக் கழற்றவில்லை. முதலில், உயிரோடிருக்கும் தட்டிலிருந்த அனைத்தையும் வெளித்தட்டு ஒன்றில் படியெடுத்துக்கொண்டார். பிறகு, இறந்தது எது என்பதைத் தட்டின்மேல் பொறித்த எண்ணைக் கொண்டு உறுதி செய்தார். சர்வர் தன் தட்டுகளைச் சுழியத்திலிருந்து எண்ணும். மனிதர் ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். 'முதலாவது தட்டு' என்று கணினி சொன்னதைத் தவறாகப் பொருள்கொண்டு, இறந்ததை விட்டு உயிருள்ளதை உருவி எடுத்துவிடுபவர்களும் உண்டாம். அந்த ஒரு நொடியில் இரு படிகளும் போய்விடும்.

அடுத்து, மாற்றுத் தட்டு தேடும் படலம். அதே வகைத் தட்டு இப்பொழுது செய்யப்படுவதில்லை. புதிய தட்டு பழையதைவிடச் சிறிதாக இருத்தல் கூடாது. பெரிதாக இருக்கலாம், ஆனால் மிகுதி இடம் வீண். பழைய 500 கிகாபைட் தட்டுக்குத் துணையாக 1,000 கிகாபைட் தட்டொன்று பொருத்தப்பட்டது. பாதி வெறுமையாகவே கிடக்கும். பனையோலையில் நறுக்கி எறியும் ஓரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனிமேல் நிகழ்வது மெய்யாகவே படியெடுத்தல்தான். எஞ்சிய தட்டைத் தலைமுதல் கடைவரை ஓர் எழுத்தும் விடாமல் படித்துப் புதிய தட்டில் எழுதுகிறது இயந்திரம். பல மணி நேரம் பிடிக்கும். இங்கேதான் பெரிய அபாயம் பதுங்கியிருக்கிறது. இரு தட்டுகளும் ஒரே நாளில் வாங்கியவை, பெரும்பாலும் ஒரே ஆலையில் ஒரே வாரத்தில் செய்தவை, ஒரே அறையின் வெப்பத்தில் ஒரே அளவு சுழன்றவை. ஒன்று ஓய்ந்துவிட்டதென்றால் மற்றது இளமையோடு இருக்கும் என்று நம்ப நியாயமில்லை. அத்தகைய முதிய தட்டினிடம், அது தன் வாழ்நாளில் தொட்டிராத மூலைகளையெல்லாம் ஒரே மூச்சில் படிக்கச் சொல்கிறோம். பொடிந்த ஏட்டைப் படியெடுக்க எடுத்தபோது கயிற்றை அவிழ்த்தால் ஓரம் உதிர்கிறது, ஏட்டைப் புரட்டினால் வரி முரிகிறது என்று பதிப்பாசிரியர்கள் பட்ட துயரம் இதுவேதான். காப்பாற்றுவதற்கென்று கைவைக்கும் வேளையிலேயே நூல் போய்விடக்கூடும்.

அந்த அலுவலகத்திலும் ஓரிடத்தில் இயந்திரம் தயங்கியது. ஒரு கலைச்சொற் பட்டியலின் நடுவே சில பக்கங்களைப் படிக்க இயலவில்லை. மற்றைய யாவும் தேறின. அப்பட்டியல் முன்னர் எப்போதோ தாளில் அச்சிடப்பட்டுப் பதிவறையில் ஒரு கட்டுக்குள் கிடந்தது. அதைப் பார்த்து விடுபட்ட பக்கங்களைத் திரும்பத் தட்டச்சு செய்தார்கள். காந்தத் தட்டின் பிழையைத் தாள் திருத்தியது. மைசூர்ச் சுவடிக்குத் திருவனந்தபுரத்துச் சுவடி செய்த உதவியும் இத்தகையதே. இரண்டும் வேறு வழியில் வந்த படிகளாதலால் இது கைகூடிற்று. கண்ணாடித் தட்டோ தன் இணைக்கு இவ்வகையில் உதவாது. ஒருவர் கைதவறி ஒரு கோப்பை அழித்தால், அழிவும் இமைப்பொழுதில் இரு தட்டுகளிலும் ஒருங்கே எழுதப்படும். பதிற்றுப்பத்தின் ஓட்டையைப் போல.

இரு தட்டுகளும் ஒரே பெட்டிக்குள் இருப்பதை நினைக்கும்போது யாழ்ப்பாணம் நினைவுக்கு வருகிறது. 1981ஆம் ஆண்டில் மே மாத முடிவிலும் ஜூன் மாதத் தொடக்கத்திலுமான இரவில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் கொளுத்தப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு வேறெங்கும் படியில்லாத ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. வேறிடத்தில் படி இருந்த நூல்களைப் பின்னர் வாங்கி நிரப்ப முடிந்தது. படியில்லாதவை போனவை போனவையே. அந்த நூலகத்துக்குள் ஒரு சுவடிக்கு இரண்டு படிகள் இருந்திருந்தாலும் அன்றிரவு இரண்டும் ஒன்றாகவே எரிந்திருக்கும்.

திருவனந்தபுரத்துக் கோட்டைப் பகுதியில் கேரள அரசின் ஆவணக் காப்பகம் ஒன்று இருக்கிறது. ஸ்ரீ பத்மநாபசுவாமி கோயிலின் 'மதிலகம்' ஆவணங்கள் என்று புகழ்பெற்ற ஓலைகள் இந்நகரத்து அரசு ஆவணக் காப்பகத்தில்தான் பேணப்படுகின்றன. மதிலுக்கு உட்பட்டது மதிலகம். ஓலைகளை வட்டமாகச் சுருட்டிக் கட்டிய கட்டுக்கு அங்கே 'சுருணை' என்று பெயர். வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, தமிழ் எனப் பல எழுத்துகளில் கோயிற் செலவும், நிலக் கணக்கும், திருப்பணிச் செய்தியும் அவற்றில் உள்ளன. வட்டெழுத்தையும் கோலெழுத்தையும் தட்டுத்தடையின்றிப் படிக்கவல்லார் இன்று மிகச் சிலர். 2022இல் கோட்டைப் பகுதிக் காப்பகத்தில் ஓலைச்சுவடிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. விடுமுறையில் ஊருக்கு வரும் அன்பர்கள் கோயிலைத் தரிசித்த பின்னர் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் அதனையும் பார்த்துச் செல்லலாம்.

சுவடிகளை நிழற்படமாக்கிக் கணினியில் ஏற்றும் பணி நம் நாட்டின் சுவடி நிலையங்கள் பலவற்றில் நடைபெறுகிறது. அது வேண்டிய பணியே. நொறுங்கும் ஏட்டை ஆராய்ச்சியாளர் அடிக்கடி தொடாமலிருக்க அதைவிட நல்ல வழி இல்லை. ஆயினும், முந்நூறு ஆண்டு நின்ற ஓலையின் படம் ஐந்தாறு ஆண்டு நிற்கும் தட்டில் இருக்கிறது. ஓலைக்கு நூற்றாண்டுக்கு ஒருமுறை ஏடெழுதுவோன் தேவைப்பட்டான். தட்டுக்கு ஒரு பத்தாண்டுக்குள்ளேயே இருமுறை ஆள் வேண்டும். அவ்வாளுக்குச் சம்பளமும், புதிய தட்டுக்கு நிதி ஒதுக்கீடும் ஆண்டுதோறும் வேண்டும். படம் எடுப்பதற்குக் கிடைக்கும் மானியம் தட்டு மாற்றுவதற்கு எளிதில் கிடைப்பதில்லை. திறப்பு விழா உடையது முன்னது. பின்னதற்கு விழா கிடையாது.

நாம் சொன்ன அலுவலகத்தில், புதிய தட்டு நிரம்பி இரு விளக்குகளும் பச்சையான பின்பு, கழற்றிய பழைய தட்டை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. அழித்துவிடலாம் என்றார் ஒருவர். பொறியாளர் உடன்படவில்லை. புதிய படியிலிருந்து கோப்புகளைத் திறந்து வரிசையாகப் படித்துப் பார்க்கும் வரையில் அது இருக்கட்டும் என்றார். ஓர் உறையில் இட்டு, நாளைக் குறித்து, அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்கள். ஒரு வாரம் இரண்டு எழுத்தர்கள் உட்கார்ந்து கோப்புகளைப் படித்தார்கள். ஒருவர் தாளைப் பார்த்து வாசிக்க, மற்றவர் திரையைப் பார்த்துச் சரி சொன்னார்.